சரளையில் ஒரு தடம்

பாதையில் இன்றைக்கும் தடம் இருந்தது. ராத்திரி மழையில் ஊறிக் கிடந்த சரளையின் நடுவே சைக்கிள் ஒன்று போய், அதே வழியில் திரும்பியும் வந்திருந்தது.

ஆன்செல்ம் பல்வைத்த இரும்பு வாரியை எடுத்தார். வேலியோரம் தொடங்கி வளைவு வரை இழுத்து, தடத்தை இருந்த இடம் தெரியாமல் அழித்தார். கொஞ்ச நாளாக, எழுந்ததும் இதுதான் அவருக்கு முதல் வேலை. கோபமா என்றால் அதுவும் இல்லை. மகன் போன பிறகு கோபம், பசி, குளிர் எல்லாமே பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவது போலத்தான் அவருக்கு இருந்தன.

இன்றைக்கு மட்டும் தடம் கண்ணில் படக் கூடாது. மேயர் அலுவலகம் அனுப்பும் விசாரணை அதிகாரி வருகிறார்.

ஆன்செல்மின் மக்காச்சோள வயலை ஒட்டி, அடுக்களை ஜன்னலுக்குக் கீழாகவே அடுத்த ஊருக்குப் போகிறது அந்தப் பொதுப் பாதை. காரும் வராது, லாரியும் வராது என்பதால் சைக்கிள்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம். யாருமே போய்வராத பாதை என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் ஊர் அதை விற்க முடியும். ஆன்செல்ம் அதை வாங்கி, உழுது, சோளம் போட்டுவிடத் துடித்தார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு சாண் நிலத்துக்கு மனுஷன் அலைகிறான் என்றது ஊர்.

அவருக்கு நிலம் எதற்கு? மகன் திபோ அந்தப் பாதையில்தான் தினமும் சைக்கிளில் வீடு திரும்புவான். இப்போதும் ஜன்னலுக்கு வெளியே சரளை நறநறக்கும்போதெல்லாம் வந்துவிட்டான் என்று நெஞ்சு எழுந்து நிற்கும். பிறகு யாரோ ஒரு வெளியூர்க்காரன் மணியடித்துக்கொண்டு கடந்து போவான். அந்தச் சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

திபோ செத்தது அந்தப் பாதையில் அல்ல. ஒரே ஒரு நாள், நேரமாகிவிட்டதென்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தார்ச்சாலையில் போனான். எதிரே பால் லாரி வந்தது.

அன்றிலிருந்து அவன் அம்மா ஜோசியான் தார்ச்சாலையில் கால் வைப்பதில்லை. வாரச் சந்தைக்குக்கூட ஆன்செல்ம்தான் காரில் போய்வர வேண்டும். ஆன்செல்மோ ராத்திரி தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, விடிந்து வெகுநேரம் ஆன பிறகே எழுந்திருக்கிறார். திபோவின் சாமான்கள் கிடக்கும் கொட்டகைப் பக்கம் அவர் போவதே இல்லை.

வாரியைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மறுபடியும் வாரிட்டு வந்தியா?" என்றாள் ஜோசியான்.

"அந்தக் கூடாரம் போட்டிருக்கானே ஒல்லாந்துக்காரன், அவன் வேலைதான். வேற எவன் வருவான்?"

"இருக்கும்."

ரொட்டியை வெட்டி அவர் பக்கம் தள்ளினாள். மேலோடு மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை. அவர் காப்பியில் முக்கித் தின்றார். ருசி ஒன்றும் தெரியவில்லை.

அதிகாரி மேடம் ரூசெல் ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"கடைசியா யாராவது இதுல போய் எப்போ பாத்தீங்க ஐயா?"

"ஞாபகமே இல்ல மேடம். நாய்கூட வராது."

"நாய் வராது, சரி. ரெண்டு பக்கமும் முள்ளு இடுப்பளவு நிக்குது, நடுவுல மட்டும் ஒரு புல்லுகூட வராதா?"

"வாரி வைப்பேன். பழக்கம்."

"யாரும் வராத பாதையையா?"

ஆன்செல்ம் வாரியைப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை.

அதிகாரி வளைவு வரை நடந்து, குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "சந்தேகத்தை வெச்சு நான் எழுத முடியாது. போறவங்க இருக்காங்கன்னா இருக்காங்கன்னு எழுதுவேன். இல்லேன்னா, பாதை உங்களுக்குத்தான்."

இனி அந்தச் சத்தம் வராது. சந்தோஷம் வருமா என்று ஆன்செல்ம் கொஞ்சம் காத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

அடுக்களையில் ஜோசியான் அதிகாரிக்குக் காப்பி ஊற்றி, ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தாள். மேடம் ரூசெல் ஒரு கடி கடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல ரொட்டி. எங்க ஊர்ல இப்படிக் கெடைக்கிறதில்ல."

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ஜோசியான் பக்கம் திரும்பினார். "முறைக்குக் கேக்கணும், கேக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சு இந்தப் பாதையில யாராவது போறாங்களாம்மா?"

"அதான் சொன்னேனே மேடம்…" என்று ஆரம்பித்தார் ஆன்செல்ம்.

ஜோசியான் கத்தியை மேசை மேல் வைத்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தினமும் ரொட்டி வாங்க நான் போறேன். எங்க திபோ சைக்கிள்ல."