டாக்டரின் புருவம்

விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கு அப்பால், ஒலி புகா அறைக்குள், ஹெட்ஃபோன் மாட்டியிருந்த அக்கா பொத்தானை அமுக்கிவிட்டுச் சிரித்தாள். இப்பால், சோதனைக் கருவியின் அருகே நின்றிருந்த அவளுடைய தம்பி, காது மூக்கு தொண்டை டாக்டர், அவரும் சிரித்தார்.

ஒலி கேட்டால் அமுக்க வேண்டும். அமுக்கினால் விளக்கு எரியும். சோதனை அவ்வளவுதான்.

அக்காவின் செவிப்பறையில் சிறு வயது முதல் ஓட்டை. சென்ற மழைக்காலத்தில் அதை அடைத்தவர் தம்பியே. காதின் குருத்தெலும்பைத் தாள்போல் சீவி ஒட்டுகிற அந்தப் புதிய முறையும் அவருடையதே. ஒட்டியதா இல்லையா என்பதைக் கண்ணால் காணலாம். கேட்கிறதா இல்லையா என்பதை இந்த விளக்குதான் சொல்ல வேண்டும்.

விளக்கும் சொல்லிற்று. கூலிக்காரர், கொத்தனார், குடும்பப் பெண்கள் என்று அவர் கத்தி தொட்ட காதெல்லாம் கேட்கிறது என்றே சொல்லிற்று. "பெரியவர்கள் சொன்னார்கள் என்று நம்பாதீர்கள், சோதித்துப் பார்த்து நம்புங்கள்" என்று கூட்டந்தோறும் முழங்கி, மூத்த மருத்துவர்களின் முகம் கறுக்க வைத்தவர் அவர்.

இன்று பிற்பகல் மாடி அரங்கில், பல ஊர் மருத்துவர்கள் முன்னே, தம் ஆய்வைப் படைக்கப் போகிறார். கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நாளை தத்தம் ஊரில் இதே முறையில் கத்தி எடுப்பார்கள்.

காலையில்தான் ஊரிலிருந்து வந்த அக்காவின் முடிவு மட்டும் பாக்கி.

அப்போது, கருவியை இயக்கிக்கொண்டிருந்த ஆடியாலஜிஸ்ட் தும்மினாள். கையை எடுத்துக் கைக்குட்டையைத் தேடினாள். என்னம்மா, சளியா என்று கேட்பதுபோல் டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

விளக்கு எரிந்தது.

"சார், நான் இன்னும் சத்தமே அனுப்பலையே."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். முகத்தை அசைக்காமல் காத்திருந்தார். விளக்கு இருண்டே கிடந்தது.

புருவத்தை உயர்த்தினார்.

எரிந்தது.

ஒற்றைப் புருவத்தை, மயிரிழை அளவு.

எரிந்தது. அக்கா வெற்றிக் களிப்போடு தலையாட்டினாள்.

நோயாளிக்குக் கருவி தெரியாமல் தடுப்பு வைத்திருந்தார்கள். இயக்கும் கை தெரியாமலும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று, ஒலி புறப்படும்போதெல்லாம் "கேட்கட்டும், கேட்கட்டும்" என்று தம்மை அறியாமல் ஏங்குகிற முகத்துக்குத் தடுப்பு வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

கனத்த கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனார். ஹெட்ஃபோனைக் கழற்றினார். அவள் உதட்டைப் படித்துக்கொள்ளும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "அக்கா, நிஜமா கேட்டுச்சா?"

அக்காவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. அந்தச் சின்ன அறை அதிரக் கத்தினாள்.

"கோவிச்சுக்காதேடா! வெளியில பெஞ்சில உக்காந்திருக்காங்களே, அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. டாக்டர் புருவம் ஏறினா அமுக்கிடணுமாம். இல்லேன்னா அந்த மனுஷன் மூஞ்சி வாடிப்போயிடுமாம், பார்க்கச் சகிக்காதாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம். எனக்குப் புரியணும்னு ஒருத்தர் நடிச்சே காட்டினாருடா. அச்சு அசல் நீயேதான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தவள், தம்பியின் முகத்தைக் கண்டதும் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடா. இத்தனை வருஷம் கேக்காம என்ன குடியா முழுகிப்போச்சு?"

பழித்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். வழக்குப் போட்டிருந்தால் வாதாடியிருப்பார். அவர்களோ இரக்கப்பட்டிருக்கிறார்கள். காது கேளாதவர்கள் ஒரு பெஞ்சில் கூடி அமர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கும் பக்குவமாய்ச் சொல்லிக்கொடுத்து, கேட்கும் காது படைத்த ஒருவருக்காக இரக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இரக்கத்தைத்தான் அவர் சான்று என்று எண்ணித் தலை நிமிர்ந்து திரிந்திருக்கிறார்.

காது மடல் வரை சூடேறியது. அக்காவின் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு, ஆடியாலஜிஸ்டை நேராகப் பார்க்கவும் கூசியது.

"அடுத்தவரை உக்கார வைக்கட்டுமா சார்?"

தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா எழுந்து போன நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர் வந்து அமர்ந்தார். சென்ற முறை அத்தனை விளக்கும் எரிந்து, காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரிடமே சான்று வாங்கிக்கொண்டு மறுபடி வண்டி ஏறியவர். கண்ணாடி வழியே டாக்டருக்கு ஒரு வணக்கம் வைத்தார். பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, அழப்போகும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவ்வளவு கனிவோடு டாக்டரின் முகத்தையே பார்த்தார்.

டாக்டர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஆரம்பிம்மா."

பின்னால் கருவியின் குமிழ் திரும்பியது. ஒவ்வொரு முறை திருகும்போதும் டக் என்று மெல்லிய ஓசை வரும். ஒலி ஒரு படி கூடியது என்று பொருள். நோயாளி அமுக்கிவிட்டால் அதற்கு மேல் கூட்ட மாட்டார்கள்.

டக்.

டக்.



டக்.

ஒவ்வொன்றும் அவருக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.