வாசல் தாண்டாதவர்

"தியாகலிங்கம் சார் இன்னிக்கும் காரை விட்டு இறங்கலம்மா" என்று கோயில் செயலாளர் செல்வராஜ் வந்து சொன்னதும், சாந்தகுமாரிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மூன்றாம் வெள்ளிக்கிழமையாக இதே கூத்து. தேவாரம் பாடுகிற மனிதர், ஆக்லாந்துக் கோயிலின் வாகனத் தரிப்பிடம் வரை வருவார், பூசை முடியும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தபடியே கும்பிடுவார், போய்விடுவார். திருவிழாவில் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்யவில்லை என்ற கோபமாம். மடைப்பள்ளியில் அப்படித்தான் பேச்சு.

இன்று சாந்தகுமாரியின் உபயம்; கணவர் இறந்து ஓராண்டு கழித்துச் செய்யும் முதல் உபயம். பேரப்பிள்ளைகள் வரை எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. கணவருக்குப் பிடித்த பதிகத்தைத் தியாகலிங்கத்தின் குரலில் கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. தம்முடையதைத் தேடி எடுப்பதற்குள் சேலைக் கரை நனைந்துவிட்டது. "இதையெல்லாம் அடுக்கி வைக்கிற மனிசனையும் காணேல்லை" என்று முணுமுணுத்தபடி தூறலில் காரை நோக்கி நடந்தார்.

"அண்ணை, காளாஞ்சிக் கோபத்தைச் சாமியிட்டையோ காட்டுறது? எனக்காக ஒருக்கா உள்ளுக்கு வந்து பாடுங்கோ."

"கோபமில்லை, தங்கச்சி. எனக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. முப்பத்தொரு நாள் முடியாமல் படி மிதிக்கேலாது."

சாந்தகுமாரி திகைத்தார். தியாகலிங்கத்துக்கு இந்த நாட்டில் உறவென்று ஒருவரும் இல்லை. ஊரில் இழவு என்றால் அரை மணி நேரத்தில் எல்லோருடைய கைப்பேசிக்கும் செய்தி வந்திருக்கும்.

"ஆர் அண்ணை தவறினது?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு அறையில தனிய இருந்தவர். பிள்ளைகுட்டி இல்லை. கொள்ளி வைக்க ஒருத்தரும் வரேல்லை. எரிக்கிற இடத்தில நான்தான் பட்டனை அமத்தினனான். கொள்ளி வைச்சவன் துடக்குக் காக்கத்தானே வேணும்."

"எங்கட ஆளே? எனக்குத் தெரியுமோ?"

தியாகலிங்கம் சாந்தகுமாரியின் கால்களைப் பார்த்தார். "ஒவ்வொரு வெள்ளியும் உங்கட செருப்பை எடுத்து வைச்சவர்."

உள்ளே மணி அடித்தது. ஐயர் உபயகாரரைத் தேடிக்கொண்டிருப்பார். சாந்தகுமாரி நகரவில்லை.

"அவற்ற பேர் என்ன, அண்ணை?" என்று, அந்தக் கோயிலுக்கு வந்துபோகும் ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்டார்.