எட்டு சீட்டில் ஒன்று

“தலையக் குனிஞ்சே உக்காரு. கேட்டா மட்டும் பதில் சொல்லு” என்று அம்மா செல்வாம்பாள் காதோரம் கிசுகிசுத்தாள். எதிரே பூவும் பழமும் பட்டுப்புடவையும் தட்டுத் தட்டாக இருந்தன. பலராமன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆமாம், இந்தப் புத்திமதி மாப்பிள்ளைக்குத்தான். பெண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்துவிட்டால் புதுச்சேரியில் எல்லாம் தலைகீழ். கட்டிக்கொள்கிறவனும் பாரீசுக்கு விமானம் ஏறலாம் என்பதால் நகை போடுவதும் மாப்பிள்ளை வீடு, கைகட்டி உட்காருவதும் மாப்பிள்ளை வீடு.

குருசுக்குப்பத்தில் தெய்வசிகாமணியைத் தெரியாதவர் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவருடைய ஒரே மகள் அஞ்சலாட்சியைப் பார்க்கத்தான் கலியபெருமாள் தவளக்குப்பத்திலிருந்து பெண்டாட்டியையும் மகனையும் கூட்டி வந்திருந்தார்.

“பையன் மேல படிக்க டெல்லி போறதாக் கேள்விப்பட்டேனே?” என்றார் தெய்வசிகாமணி.

“ஐயோ, அந்தப் பேச்சே இல்லீங்க” என்று பதறினார் கலியபெருமாள். “வேணாம்னு எழுதிப் போட்டாச்சு. மூணாந்தேதி பக்கத்துல நின்னு எழுத வெச்சேன். நானே பெரிய தபாலாபீஸ்ல போட்டேன்.”

ஏப்ரல் முழுவதும் மூன்று பல்கலைக்கழகங்களின் விவரப் புத்தகங்களை வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டு பலராமன் தேர்ந்தெடுத்த இடம் அது. சர்வதேசப் பாதுகாப்பில் எம்.ஏ. நாடுகள் ஏன் சண்டைக்குப் போகின்றன, எப்படி நிறுத்துவது என்கிற படிப்பு. நாடு முழுவதற்கும் எட்டே சீட்டு, அதில் ஒன்று இவனுக்கு.

“பாதுகாப்புன்னா மில் கேட்டுல நிக்கறதுதானே? அதுக்கு எதுக்குடா டெல்லி?” என்று அன்றைக்குக் கேட்டாள் செல்வாம்பாள். அப்பா அதுகூடக் கேட்கவில்லை. மில்லில் தனக்கு வேலை போனதையும், வீட்டில் நிற்கும் இரண்டு தங்கைகளையும் காட்டினார். பலராமன் பேனாவைத் திறந்தான்.

அஞ்சலாட்சி வந்தாள். காபித் தட்டெல்லாம் இல்லை. நாற்காலி முதுகில் கிடந்த பாதி பின்னிய ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“பாரீஸ் குளிருக்கா? பொறுப்பான பொண்ணு” என்று பூரித்துப்போனாள் செல்வாம்பாள்.

“பத்து நாளா இதே வேலைதான். கேட்டா பேச மாட்டா” என்றார் தெய்வசிகாமணி பெருமையாக.

அஞ்சலாட்சி பலராமனைப் பார்த்தாள். “மெட்ராஸ்லயும் இந்தப் படிப்பு இருக்குதே. டெல்லிய ஏன் எடுத்தீங்க?”

மாதக்கணக்கில் யாருமே கேட்காத கேள்வி. பலராமன் சட்டென்று நிமிர்ந்தான். “ஆயுதக் குறைப்புக்குன்னு அங்கதான் தனிப் பேப்பர் இருக்குது. அந்த லைப்ரரி மாதிரி வேற எங்கயும் இல்லீங்க.”

“இன்டர்வியூல இந்துமாக்கடலைப் பத்திக் கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. வெளிநாட்டுக் கப்பல் வந்து நின்னா நமக்கு என்ன ஆபத்துன்னு...” அம்மாவின் முழங்கை விலாவில் இடித்தது. அவன் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான்.

தெய்வசிகாமணி வாய்விட்டுச் சிரித்தார். “இவ்ளோ கேக்கறியே, நீயே போய்ச் சேந்துடுவ போலிருக்கே!”

“அவங்களால முடியாதுங்க” என்றான் பலராமன் தரையைப் பார்த்தபடி. “ராணுவ விஷயம்லாம் வரும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான்.”

“தெரியும்” என்றாள் அஞ்சலாட்சி. ஊசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். பாரீஸ் பேச்சுக்கு வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. “தப்பா நெனைக்காதீங்க. வீட்ல பொம்பளைங்க ஆசைப்படறாங்க... அந்த பாஸ்போர்ட்ட ஒருதடவ கண்ணால பாத்துட்டா, நிச்சய தேதிய இன்னைக்கே குறிச்சிடலாம்.”

“அதுக்கென்ன? எடுத்தாம்மா” என்றார் தெய்வசிகாமணி.

அஞ்சலாட்சி உள்ளே போனாள். பலராமனுக்கு மூச்சு முட்டியது. எழுந்து தெருவில் ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடி எங்கே போவது? டெல்லிக்கு வேண்டாம் என்று எழுதியது அவன் கையெழுத்து. பாரீசில் பாஷை தெரியாமல் ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப்போவதும் அவன்தான்.

அஞ்சலாட்சி திரும்பி வந்தாள். பாஸ்போர்ட்டுக்காகக் கலியபெருமாள் இரண்டு கையையும் நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், மடித்த காகிதம் ஒன்றை பலராமனிடம் கொடுத்தாள்.

தந்தி. பன்னிரண்டாம் தேதி டெல்லியில் கொடுத்தது. ‘இடம் ஒன்று காலியானதால், காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக உள்ள தங்களுக்குச் சேர்க்கை அளிக்கப்படுகிறது.’

பலராமன் இரண்டு முறை படித்தான். மேலே இருந்த அஞ்சலாட்சியின் பெயரைப் பார்த்தான். பிறகு அந்த ஸ்வெட்டரைப் பார்த்தான். அவன் வேண்டாம் என்று எழுதிய சீட்டு, இப்போது அவளுக்கு. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு நெஞ்சு நிறைய வந்தது.

கலியபெருமாள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. “பாஸ்போர்ட் எங்கம்மா?”

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அத ஆறு மாசம் முன்னாடியே, இந்தியக் குடியுரிமை கெடச்சதும், கான்சலேட்ல திருப்பிக் குடுத்துட்டேன், மாமா.”