கொட்டை எழுத்தில்

“மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லும்னு எழுதியிருக்கியே, உன்னையெல்லாம் பி.யு.சி.யில எவன்டா பாஸ் போட்டான்?”

வணிகச் சட்டப் பேராசிரியர் சேதுபதி, விடைத்தாளைச் செவந்தியப்பன் முகத்தில் விட்டெறிந்தார். காரைக்குடிக் கல்லூரியின் பி.காம். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது.

“நம்ம ஊர்ல செல்லுது சார்.”

“எந்த மடையன்டா சொன்னான்? பயத்துல போட்ட கையெழுத்து சம்மதமே ஆகாது. கோர்ட்டுக்குப் போனா ரத்து பண்ணிருவாக!”

“எழுதிக்கிறவா சார்?”

“கொட்டை எழுத்துல எழுதுடா!”

எழுதி முடித்து நிமிர்ந்த செவந்தியப்பனின் கண்கள் சிவந்திருந்தன.

“சொத்துல பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டாத்தான் தாத்தாவுக்குக் கொள்ளி வைப்பேன்னு எங்க ஆத்தாவ மிரட்டுனீகளே, அந்தப் பத்திரத்தையும் ரத்து பண்ணிருவாகளா, மாமா?”