அரை டிகிரி

எஃகு அச்சை வெட்டி, சாணை பிடித்து, அந்த மெஷினே அளந்தும் பார்க்கும். பக்கத்தில் நிற்பவரின் உடல்சூடு அளவைக் கெடுக்கும் என்பதால் ஆளையும் சேர்த்தே அளக்கும். மூன்று நாளாக நிறைமதியின் ஷிப்டில் மட்டும் அது அடம்பிடித்தது. ‘ஆபரேட்டர் சூடு அரை டிகிரி அதிகம். ஆளை மாற்றவும்.’

ஒருமுறை மாற்றப்பட்டவரை மெஷின் திரும்பச் சேர்த்ததில்லை.

“காய்ச்சல்னா வீட்டுக்குப் போம்மா. வேற ஆளப் போட்டுக்கறேன்,” என்றார் சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ்.

“காய்ச்சல் இல்ல சார். நேத்து டாக்டரம்மா பார்த்துட்டாங்க.”

அவள் நகரவில்லை. மெஷினில் தன் பெயருக்கு நேரே இருந்த வழக்கமான சூட்டோடு அந்த அரை டிகிரியைக் கூட்டிப் பதிந்தாள். மெஷின் அளக்கத் தொடங்கியது.

“எத்தனை நாளைக்கு இப்படி?”

“இன்னும் எட்டு மாசத்துக்கு சார்.”