நாற்பத்தோராவது படம்

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். கணவன் வழக்கம்போல நோட்டும் பென்சிலுமாக இருந்தான்.

“தினம் ஒரு படம்னு ஆரம்பிச்சு நாற்பது நாளாச்சு. வீட்ல ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பீங்களா?”

“பத்து நிமிஷம்தானே. ஒரு நாள் விட்டாலும் பழக்கம் போயிடும்.”

“வரையறதுக்குக் குழாயும் ஸ்டூலும் கண்ணுல படுது. கட்டின பொண்டாட்டி மட்டும் படலை.”

அவன் நோட்டை நீட்டினான். இன்றைய பக்கத்தில் அவள்தான். நேற்று வந்து இதே கட்டிலில் உட்கார்ந்த கோலம்; காலில் செருப்பு, மூடிய கண்கள். அவளுக்குக் கால்வலி மறந்துபோனது.

ஆசையாக முன்பக்கங்களைப் புரட்டினாள். சொட்டும் குழாய், கீல் கழன்ற அலமாரிக் கதவு, கால் ஆடும் ஸ்டூல். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் ஒரு டிக். குழாய் சொட்டுவது நின்று பல நாளாயிற்று என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“பழுதானதைத்தான் வரையறீங்களா?”

“வரைஞ்சு பார்த்தாத்தான் எங்க கோளாறுன்னு தெரியுது. மறுநாள் சரி பண்ணிட்டு டிக் போட்டுடுவேன்.”

அவள் மறுபடியும் தன் படத்துக்கு வந்தாள். கீழே டிக் இல்லை.

அவன் உள்ளே போய், ஒரு டப் நிறைய வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான்.

“இது ஒரு நாள்ல முடியற வேலை இல்லை. முதல்ல செருப்பைக் கழட்டு.”