வலது ஆள்காட்டி விரல்

த்ரோயன் ஊர் நஷ்டஈட்டு அலுவலகத்துக்கு நாங்கள் மூன்றாவது முறையாகப் போயிருந்தோம். என் கணவன் ஸ்தாமெனின் வலது ஆள்காட்டி விரலை மரத் தொழிற்சாலை ரம்பம் அடியோடு எடுத்துவிட்டது. விபத்து நடந்த ஒன்பதாம் தேதி அவன் வேலைக்கே வரவில்லை என்று முதலாளி சாதிக்கிறான்.

அலுவலகப் பெண் பென்கா தொழிற்சாலையின் வருகைப் பதிவைக் கணினியில் திறந்தாள்.

“இதோ! ஒன்பதாம் தேதி, காலை 6.58. வந்திருக்காரு!”

நான் துள்ளிக் குதித்தேன். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டுக் கொண்டுபோயிருந்த பனீத்ஸாவைத் தட்டோடு அவள் முன்னால் வைத்தேன்.

“சாப்பிடுங்க அக்கா! அந்தப் புளுகன் மூஞ்சியில கரியப் பூசியாச்சு!”

பென்கா ஒரு வாய் கடித்துக்கொண்டே அடுத்த வரிகளைப் பார்த்தாள்.

“பத்தாம் தேதியும் 6.58. அப்புறம் தினமும். இன்னிக்குக்கூட வந்திருக்காரே?”

“பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில கெடந்தேன்மா,” என்றான் ஸ்தாமென்.

“கைரேகை மெஷின்ல எந்த விரல வைப்பீங்க?”

ஸ்தாமென் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். அவன் பதிந்து வைத்திருந்தது அந்த ஒரு விரலைத்தான்.

பென்கா மெல்லுவதை நிறுத்தினாள். மணி மூன்று. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: வெளியேறிய நேரம் 3.00.

ஸ்தாமெனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தியாடி, ஷிப்ட் முடிஞ்சதும் கெளம்பிட்டேன்! நேரா வீட்டுக்குத்தான்!”

பதினைந்து நாளாக, மூன்றரை மணிக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி இரண்டு தரம் அடிக்கிறது. அவனும் அப்படித்தான் அடிப்பான். கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. தெருப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு மூடிவிடுவேன்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஓடி வாய்யா! இத்தன நாளா நான் கீழ குனிஞ்சு பாக்கவே இல்ல!”